ஐந்தாம் நாளை நேற்று என்றேன்

சூட்டைக் கையால் பார்ப்பது என் தொழில். வெள்ளவத்தையில் காலி வீதியில் ஒரு சைவக்கடை. அங்கே இருபத்திரண்டு வருடம் தோசைக்கல்லில் நின்றவன் நான். கல்லுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்தால் போதும். மா ஊற்றலாமா, இன்னும் பொறுக்க வேண்டுமா என்று கை சொல்லும். தண்ணீர் தெளித்துப் பார்ப்பது பழகாதவன் வேலை என்பேன். அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று இருந்தது.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது பொறுக்கக் கூடிய பிழை.

சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருவதென்றால் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் எடுக்க வேண்டும். என் மனைவியின் தங்கை அப்படித்தான் வந்து சேர்ந்தாள். எனக்கு மச்சாள். இருபத்தைந்து வயது. ஊரில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். மாப்பிள்ளை கனடாவில். கலியாண எழுத்து முடிந்திருந்தது. தூதரகம் நேர்முகத்துக்குக் கூப்பிடும்வரை எங்களோடு நிற்பதென்று ஏற்பாடு.

நாங்கள் இருந்தது கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டுக்குப் பின்னால் இருந்த அனெக்ஸ். ஓர் அறை, ஒரு குசினி, பின்னால் நாலடி முற்றம். முற்றத்தில் நீலப் பரல் ஒன்று. தண்ணீர் விடிய வரும், பிறகு நின்றுவிடும். ஆகையால் பரலை நிரப்பி வைப்போம். அதன் மூடி உடைந்துவிட்டது. ஒரு பலகையைப் போட்டு மூடினோம். பாதிதான் மூடும்.

அந்த நாட்களில் வடக்கிலிருந்து யார் வந்தாலும் பொலிஸில் பதிய வேண்டும். வந்தவரை அடையாள அட்டையோடு, வீட்டில் தங்க வைத்திருப்பவன் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஏன் வந்தார், எத்தனை நாள் நிற்பார் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தால் முத்திரை குத்தித் தருவார்கள். அவளுக்கு இரண்டு கிழமை கிடைத்தது. அது முடிந்தால் திரும்பப் போய் நீட்டிக்க வேண்டும். போக வேண்டியவன் நான்.

நான் போகவில்லை.

காரணம் சின்னது. முதல் தரம் போனபோது படிவம் சிங்களத்தில் இருந்தது. எனக்குச் சிங்களம் கதைக்க வரும், எழுத வராது. வாங்கில் குந்திக் காத்திருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய் நிரப்பித் தரும்படி கேட்டேன். மேசையில் இருந்த கொன்ஸ்டபிள் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு எனக்குப் பழக்கம். மச்சாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் பொறுக்கவில்லை.

தவணை முடிவதற்கு முதல்நாள் அவளே ஞாபகப்படுத்தினாள்.

"அத்தான், நாளைக்குக் கடைசி நாள். போவமே?"

"நாளைக்குக் கடையில சரியான சனம். நாளண்டைக்குப் பாப்பம்."

நாளண்டைக்கும் கேட்டாள். அதற்கும் ஏதோ சொன்னேன்.

"நீங்கள் வராட்டி நான் தனியப் போறன். எனக்கென்ன வாயில்லையோ?"

"பொம்பிளைப்பிள்ளை தனியப் போற இடமே அது?" என்று வாயை அடைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் வெளியே இறங்குவதை நிறுத்திவிட்டாள். சந்திக்குச் சந்தி மறித்துக் கடுதாசி பார்க்கும் காலம். பகல் முழுவதும் பின் முற்றத்தில், பரலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இருப்பாள். அறைக்குள் வெக்கை. அங்கே கொஞ்சம் கடற்காற்று வரும். நுளம்பும் வரும். காலில் வெள்ளை வரி போட்ட நுளம்பு. அது பகலில்தான் கடிக்கும். நாங்கள் இராத்திரிக்கு வலை கட்டிப் படுத்தோம். பகல் நுளம்பை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒரு நாள் நான் கடையில் நிற்கும்போது வீட்டு வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றாராம். வெள்ளைச் சேட்டு, கையில் பைல். பதிவு பார்க்க வந்தவர் என்று நினைத்து, என் மனைவி தங்கையைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறாள். வந்தவர் சுகாதாரப் பரிசோதகர். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிற சாமான் எதுவும் இருக்கிறதா என்று பார்க்கக் கேட்டிருக்கிறார். பின் கதவு பூட்டு, திறப்பு மனிசனிடம் இருக்கிறது, அவர் வேலைக்குப் போய்விட்டார் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு கடுதாசித் துண்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பின்னேரம் அதைச் சொல்லி மூவரும் சிரித்தோம்.

"பொலிஸ் இல்லையாம். நுளம்பு பாக்கிற ஆளாம்," என்றாள் மனைவி.

"இப்ப நுளம்புக்கும் பதிவு கேக்கினமோ அக்கா?" என்றாள் தங்கை. "அதுகளும் வடக்கில இருந்து வந்ததுகளோ?"

மனைவி அந்தத் துண்டை மடித்து ஆடுகிற மேசைக்காலுக்குக் கீழே வைத்தாள். கன நாள் அங்கேயே இருந்தது.

காய்ச்சல் ஒரு செவ்வாய்க்கிழமை பிடித்தது. காலையில் சும்மா இருந்தவள் மத்தியானம் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றாள். எலும்பை யாரோ முறிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பனடோல் கொடுத்தோம். குறையும், திரும்ப ஏறும். புதனும் அப்படி. மேல் நோவு தாங்காமல் முனகியதால் வேலையால் வரும்போது மருந்துக்கடையில் நோவுக்கு வேறு குளிசையும் வாங்கி வந்தேன். காய்ச்சலில் இரத்தம் கசியும் ஆளுக்கு அது கொடுக்கவே கூடாதாம். பிறகு அறிந்தது.

வியாழக்கிழமை மூன்றாம் நாள். நான் மட்டும் டிஸ்பென்சரிக்குப் போனேன். ஆளில்லாமல் வருத்தத்தைச் சொல்லி மருந்து கேட்டேன்.

"ஆளைக் கொண்டு வா. இரத்தம் பாக்க வேணும்," என்றார் அங்கிருந்த வயதான டொக்டர். "உந்தக் காய்ச்சல் இப்ப ஊரெல்லாம் திரியுது. விளையாட்டில்லை."

"நாளைக்குக் கொண்டு வாறன்," என்றேன்.

டிஸ்பென்சரி எங்களிடமிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி. நடுவில் ஒரு சோதனைச்சாவடி. அவளுடைய தவணை முடிந்து அன்றைக்கு ஒன்பதாம் நாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இரண்டு மணிபோல வீட்டுக்கு வந்தேன். மனைவி குசினியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு நின்றாள். நான் கையைக் கழுவித் துடைத்துவிட்டு மச்சாளின் நெற்றியில் வைத்தேன். சூடு இல்லை. கழுத்திலும் இல்லை.

"என்ன அத்தான், வெந்திட்டனோ?" என்றாள். கண் குழி விழுந்திருந்தது. பகிடியை விடவில்லை. "ஒரு பக்கம் சரியெண்டா திருப்பிப் போடுங்கோ."

"காய்ச்சல் விட்டிட்டுது," என்றேன். குசினிப் பக்கம் திரும்பி மனைவிக்கும் கேட்கும்படி சொன்னேன். "என்ர கை சொன்னாச் சரி. இனி ஒண்டுமில்லை."

மனைவி வாசலில் வந்து நின்றாள். "வயிறு நோகுதெண்டுறாள். ரெண்டு தரம் சத்தி எடுத்திட்டாள். காலமை தொடக்கம் சலம் போகவும் இல்லை."

"நாலு நாள் சாப்பிடாத வயிறு. பின்ன என்ன செய்யும்? கஞ்சியைக் குடு."

அன்றைக்கு மூவரும் நிம்மதியாக இருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வேலை இல்லாமல் போய்விட்டதென்று எனக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. காய்ச்சல் விடும்போதுதான் இந்த வருத்தம் ஆளைப் பிடிக்கிறது என்று எனக்குத் தெரியாது. சூடு இருந்தால் ஆபத்து, சூடு போனால் சுகம். அவ்வளவுதான் என் படிப்பு.

சனிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. விடிந்து பார்த்தால் அவளுடைய கை கால் ஐஸ் மாதிரி. ஈரமாகவும் இருந்தது. ஓரிடத்தில் படுக்க முடியாமல் உருண்டாள். எழுப்பி இருத்தினோம், கண் இருட்டிச் சாய்ந்தாள். பல் முரசில் இரத்தம் தெரிந்தது. ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். புத்தி தெளிவாக இருந்தது.

"இஞ்சாருங்கோ, இனியும் நாளை பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ," என்றாள் மனைவி.

திரீவீலர் பிடித்து நானும் மச்சாளும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனைவி உடுப்பும் கஞ்சியும் எடுத்துக்கொண்டு மத்தியானம் பார்வை நேரத்துக்கு வருவதாகப் பேச்சு. வண்டிக்காரர் சிங்கள மனிதர். கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு ஹோர்ன் அடித்துக்கொண்டே ஓட்டினார். வழியில் ஒருவரும் மறிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காவல் இருந்தது. காவலில் நின்றவன் மச்சாளின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். யாழ்ப்பாண விலாசம்.

"கவதாத ஆவே?" எப்போது வந்தது என்று கேட்டான்.

என் சேட்டுப் பையில் முத்திரை குத்திய கடுதாசி இருந்தது. பதினோரு நாளுக்கு முன்பே செத்துப்போன கடுதாசி. எங்கள் கடையில் பாத்திரம் கழுவிய ஒருவன் பதிவில்லாமல் பிடிபட்டு மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். பயம் பொய்யில்லை. புதிதாக வந்தவர் பதிய ஒரு நாள் அவகாசம் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

"ஈயே," என்றேன். நேற்று.

அவன் தலையை ஆட்டி விட்டுவிட்டான். அவ்வளவு சுலபம்.

உள்ளே தள்ளுகட்டிலில் படுக்க வைத்தார்கள். ஓர் இளம் பெண் டொக்டர் வந்தா. கதவடியில் ஒரு மேசை போட்டு ஒரு பொலிஸ்காரர் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அடிபட்டு வருகிறவர்களின் விபரம் எழுத இருப்பவர். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்கு அந்த மனிதரின் காது மட்டும்தான் தெரிந்தது.

டொக்டர் சிங்களத்தில் கேட்டா, காய்ச்சல் தொடங்கியது எப்போது என்று.

வாசலில் ஒன்று, உள்ளே ஒன்று என்று சொல்ல முடியுமா? நேற்று வந்த ஆளுக்கு ஐந்து நாள் காய்ச்சல் என்றால், எங்கே வைத்துக் காய்ந்தது என்று கேட்பார்கள் என நினைத்தேன்.

"ஈயே," என்றேன். "கப்பலில வரேக்க தொடங்கினது."

கப்பலையும் நானே சேர்த்தேன்.

டொக்டர் மச்சாளின் கையைப் பிடித்துப் பார்த்தா. நகத்தை அமத்திவிட்டு நிறம் திரும்பும்வரை பார்த்தா. நாடி பிடித்தா. முகம் மாறியது. "நேற்றுத்தானா? நல்லாய் யோசித்துச் சொல்லுங்கள்," என்று திரும்பக் கேட்டா.

"ஓம் டொக்டர். நேற்று."

அதோடு விடவில்லை. மச்சாளின் பக்கம் குனிந்து இங்கிலீஷில் கேட்டா. மச்சாளுக்கு இங்கிலீஷ் தெரியும். அவள் டொக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் பொலிஸ்காரர் இருந்த பக்கம் கண்ணைக் காட்டினேன்.

"யெஸ்," என்றாள். "யெஸ்டடே."

இரண்டாம் நாள் காய்ச்சல், வடக்கிலிருந்து வந்த ஆள், சத்தி. அப்படித்தான் ஏட்டில் எழுதப்பட்டது. மலேரியாவுக்கும் பார்க்கச் சொல்லி இரத்தம் எடுத்தார்கள். சேலைன் ஏற்றினார்கள். முடிவு வரட்டும் என்றார்கள். வாட்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் கிடந்தார்கள். டொக்டர் அடுத்த ஆளிடம் ஓடினா. அவவில் ஒரு குறையும் இல்லை. சொன்னதை வைத்துத்தான் வைத்தியம் செய்யலாம்.

நாங்கள் தனித்ததும் மச்சாள் மெல்லக் கேட்டாள்.

"அத்தான், நாளைக் குறைச்சுச் சொன்னது பிழையில்லையோ?"

"பேசாமல் கிட பிள்ளை. காய்ச்சல்தானே விட்டிட்டுது. எண்டைக்குத் தொடங்கினா என்ன?"

"ம்," என்றாள். பிறகு, "தண்ணி விடாய்க்குது," என்றாள்.

வாயை நனைத்துவிட்டேன். வயிறு கொஞ்சம் வீங்கி இருந்தது. மூச்சு சின்னச் சின்னதாக வந்தது. நான் பக்கத்தில் நின்றேன். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை நின்றேன். டொக்டர் இரண்டு தரம் அந்தப் பக்கமாகப் போனா. கூப்பிட்டுச் சொல்ல நாலு சொல் போதும். எனக்குச் சிங்களத்தில் நாலுவரைக்கும் எண்ணத் தெரியும், ஐந்துவரைக்கும் தெரியும். வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மனைவி கஞ்சிப் போத்தலோடு வந்தாள். தங்கையைப் பார்த்ததும் போத்தலை நிலத்தில் வைத்துவிட்டு நேரே தாதியிடம் போனாள். அந்தத் தாதிக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும்.

"மிஸ், இண்டைக்கு அஞ்சாம் நாள். நேற்று மத்தியானம் காய்ச்சல் விட்டது. அதுக்குப் பிறகுதான் இப்பிடிக் கிடக்கிறாள். சலமும் போகேல்லை."

தாதி கட்டில் காலில் தொங்கிய அட்டையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. பிறகு ஓடினா. டொக்டர் ஓடி வந்தா. அதற்குப் பிறகு எல்லோரும் ஓடினார்கள். கட்டிலை வேறு இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. டொக்டர் மட்டும் போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தா. நான் சீமெந்து நிலத்தைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முடிந்தது.

என்ன நடந்தது என்று அந்த டொக்டர்தான் எனக்கு விளக்கினா. மனைவி அழுதுகொண்டு வாங்கில் கிடந்தாள். என்னை மட்டும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு, எனக்கு விளங்குகிற சிங்களத்தில் ஆறுதலாகச் சொன்னா. எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன்.

தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் சொட்டும், கட்டி உள்ளே நிற்கும். இந்தக் காய்ச்சல் இரத்தக் குழாயை அந்தத் துணி மாதிரி ஆக்கிவிடுகிறது. குழாய் வெடிப்பதில்லை. சுவர் கசிகிறது. இரத்தத்தில் இருக்கும் தண்ணீர்ப் பகுதி வெளியே வந்து நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் நிற்கும். அதனால்தான் வயிறு வீங்கியது, மூச்சு முட்டியது. குழாய்க்குள் மிஞ்சுகிற இரத்தம் தடித்துப்போகும், அளவும் போதாது. நெஞ்சு எவ்வளவு அடித்தும் அது கை காலுக்குப் போகாது. கை குளிரும். உடம்பு இருக்கிற கொஞ்சத்தை மூளைக்கும் நெஞ்சுக்கும் கொடுத்துவிட்டு மற்றதைக் கைவிடும். சிறுநீரகம் நிற்கும், சலம் வராது. ஈரல் பழுதாகும். இரத்தத்தை உறைய வைக்கிற சாமானும் குறைந்துவிடும், ஆகையால் முரசிலும் குடலிலும் இரத்தம் கசியும். புத்தி மட்டும் கடைசிவரைக்கும் தெளிவாக இருக்கும். ஆள் கதைப்பதைப் பார்த்துப் பக்கத்தில் நிற்கிறவன் ஏமாந்துபோவான்.

இந்தக் கசிவு காய்ச்சல் விடுகிற நேரத்தில் தொடங்கும். ஒரு நாள், இரண்டு நாள்தான் நிற்கும். பிறகு தானாக அடைபடும். அந்த நேரத்தைத் தாண்ட வைத்தால் ஆள் எழும்பிவிடும். தாண்ட வைக்க மணிக்கு மணி இரத்தம் பார்த்து சேலைனை அளந்து கொடுக்க வேண்டும். குறைந்தாலும் பிழை, கூடினாலும் அந்தத் தண்ணீரே நெஞ்சில் ஏறும். எத்தனையாம் நாள், காய்ச்சல் எப்போது விட்டது என்பதை வைத்துத்தான் அந்தக் கணக்கைத் தொடங்குவார்கள்.

எல்லாம் சொல்லிவிட்டு அவ கேட்டா. "ஏன் நேற்று என்று சொன்னீர்கள்?"

 சேட்டுப் பையிலிருந்து கடுதாசியை எடுத்துக் கொடுத்தேன். வேர்வையில் நனைந்து மடிப்பில் கிழிந்திருந்தது. அவ விரித்து வாசித்தா. நான் நிரப்பத் தெரியாமல் பிறரிடம் கெஞ்சி நிரப்பிய படிவம். முத்திரையையும் திகதியையும் கன நேரம் பார்த்தா. திரும்ப மடித்து என் கையில் தந்தா.

"இதை இங்கே ஒருவரும் கேட்கவில்லையே," என்றா.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

"நாலு மணித்தியாலம் முந்தித் தெரிந்திருந்தால் தப்பியிருப்பாளா?" என்று கேட்டேன்.

"அது எனக்குச் சொல்லத் தெரியாது," என்றா. "ஆனால் நான் ஓடியிருப்பேன்."

உடலை எடுக்கும்போது அவளுடைய அடையாள அட்டையைக் கேட்டார்கள். மரணப் பத்திரத்துக்கு என் கையெழுத்தைக் கேட்டார்கள். பதிவுக் கடுதாசியை ஒருவரும் கேட்கவில்லை. பாதை பூட்டு. தகப்பனும் தாயும் வர முடியவில்லை. கனத்தை மயானத்தில் எரித்தோம். கொள்ளி வைத்தவன் நான்.

அந்த முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாதென்று மனைவி சொன்னதால் கொட்டாஞ்சேனைக்கு வீடு மாறினோம். அவள் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னதும், செத்த வீட்டுக்கு வந்தவர்களிடம் சொன்னதும் ஒன்றுதான். "அவங்கள் நாளை மாத்தி எழுதிப்போட்டாங்கள். அஞ்சாம் நாளை ரெண்டாம் நாளெண்டு எழுதி என்ர தங்கச்சியைச் சாகடிச்சிட்டாங்கள்." சொல்லும்போது நான் பக்கத்தில் இருப்பேன். சிலர் என்னைப் பார்த்து, "நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்தானே, பாக்கேல்லையோ?" என்பார்கள். "அங்க சரியான சனம்," என்பேன். அந்த டொக்டர் ஓடிய ஓட்டம் கண்ணில் நிற்கும். அவவை மனைவி திட்டுவாள். நான் தேத்தண்ணியைக் குடிப்பேன்.

பதினைந்து வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. சண்டை முடிந்தது. பாதை திறந்தது. பதிவும் இல்லாமல் போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

போன வருடம் மனைவியின் காலில் ஒரு புண் வந்தது. அவளுக்குச் சீனி வருத்தம். புண் ஆறாமல் கறுத்தது. டிஸ்பென்சரியில் கட்டிக் கட்டிப் பார்த்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும், பிறகு காலையும் எடுக்க வேண்டிவரும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

"அரசாங்க ஆஸ்பத்திரிப் படி நான் மிதிக்க மாட்டன்," என்றாள். "கால் போனாப் போகட்டும். அங்க போனா அவங்கள் எதை மாத்தி எழுதுவாங்களோ."

"எல்லாரும் அப்பிடி இல்லையப்பா."

"உங்களுக்கென்ன தெரியும்? என்ர தங்கச்சியல்லோ போனவள்."

ஒரு கிழமை கெஞ்சினேன். அசையவில்லை. புண் மணக்கத் தொடங்கியது. ஒரு பின்னேரம் அவள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் முன்னால் போய் நிலத்தில் இருந்தேன். சொன்னேன். வாசலில் சொன்னது, உள்ளே சொன்னது, கப்பலைச் சேர்த்தது, கண்ணைக் காட்டியது, நாலு மணித்தியாலம் நின்றது. வரிசையாகச் சொன்னேன். தோசைக்கல்லில் வேலை செய்கிறவனுக்கு வரிசை தப்பாது.

அவளுடைய கை அரிசிக்குள் நின்றது.

"அவளும் நேற்றெண்டோ சொன்னவள்?" என்று கேட்டாள்.

"ஓம். என்னைப் பாத்திட்டுச் சொன்னவள்."

அரிசியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டாள். பிறகு, "அண்டைக்கு அந்த மனிசன் பரலைப் பாக்க வந்தவன்," என்றாள். "நான்தான் கதவைப் பூட்டினனான்." அதை என்னிடம் சொன்னாளா, தனக்குச் சொன்னாளா என்று தெரியவில்லை. சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

அடுத்தநாள் காலை குளித்து, நல்ல சேலை உடுத்து, காலுக்குச் சுத்தமான துணி சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். கையில் கிளினிக் கொப்பி.

நானும் சேட்டைப் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

"நீங்கள் வரவேண்டாம்," என்றாள்.

"தனிய எப்பிடிப் போவாய்? காலும் ஏலாது."

"போவன்."

படியில் இறங்கிக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எத்தினை நாளெண்டு கேட்டா," என்றாள், "நானே சொல்லுறன்."